தராசு பிடிக்காத பட்டம்: மதுரை வட்டாரக் கல்லூரிகளின் ஊட்டச்சத்துத் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துறைத் தலைவர்களுக்கும் பேராசிரியர்களுக்கும் வேலைவாய்ப்புப் பிரிவினருக்கும்,

வணக்கம்.

கோடை வந்தால் மதுரை, திண்டுக்கல், விருதுநகர், தேனிப் பக்கத்துக் கல்லூரிகளில் உணவியலும் ஊட்டச்சத்தும் படித்து முடித்த பிள்ளைகள் கோப்பும் கையுமாக மருத்துவமனை மருத்துவமனையாக ஏறி இறங்குகிறார்கள். கோப்பைத் திறந்தால் மதிப்பெண் பட்டியல், அழகாகப் படம் வரைந்த ரெக்கார்டு நோட்டு, ஒரு மாதப் பயிற்சிச் சான்றிதழ். ஒரு தோசை எத்தனை கிராம் என்று கேட்டால் பாடப்புத்தக எண் சட்டென்று வருகிறது. எந்தக் கடைத் தோசை, எடை போட்டுப் பார்த்ததுண்டா என்று அடுத்துக் கேட்டால் அமைதி. பிள்ளைகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. படிப்புக் காலம் முழுவதிலும் சமைத்த உணவைத் தராசில் வைக்க அவர்களுக்கு எத்தனை முறை வாய்த்தது என்றுதான் உங்களிடம் கேட்கிறோம்.

இந்தப் படிப்புக்கு வேலை இல்லை என்று பெற்றோர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். டயட்டீஷியன் என்ற ஒரே பெயருக்குள் ஐந்தாறு தனித்தனித் தொழில்கள் அடைந்து கிடக்கின்றன. வார்டில் நிற்பவர் வேறு, தின்பண்டப் பொட்டலத்தின் பின்பக்கம் அச்சிடும் எண்களைக் கணக்கிடுபவர் வேறு, ஆயிரம் பேருக்குச் சமைக்கும் கூடத்தை நடத்துபவர் வேறு. எல்லாரையும் ஒரே கதவுக்கு அனுப்புவதால் அங்கே நெரிசல். மற்ற இடங்களில் ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். எல்லாக் கதவிலும் முதலில் கேட்கப்படுவது ஒன்றுதான்: எடை.

மருத்துவமனையிலிருந்தே தொடங்குகிறோம். என்.ஏ.பி.எச். (மருத்துவமனைகளுக்கான தேசியத் தர அங்கீகார வாரியம்) தரச்சான்று பெற்ற மருத்துவமனைகளில் உள்நோயாளியின் முதல் மதிப்பீட்டிலேயே ஊட்டச்சத்து நிலையும் பதிவாக வேண்டும். 24 மணி நேரத்துக்குள் பார்த்து எழுதுவது வழக்கம். சிறிய மருத்துவமனைகள்கூட டயட்டீஷியன் வைத்துக்கொள்ள இது ஒரு காரணம். புதிதாகச் சேர்பவரின் நாள் இப்படிப் போகும்: காலையில் புது அட்மிஷன்களைப் பார்த்தல், மருத்துவரோடு ரவுண்ட்ஸ், சமையற்கூடத்துக்கு டயட் சீட் அனுப்புதல், தட்டு சரியாகப் போனதா என்று நின்று பார்த்தல், டிஸ்சார்ஜ் ஆகிறவருக்கும் வீட்டாருக்கும் விளக்குதல். இதில் முதல் தடுமாற்றம், எழுந்து நிற்க முடியாத நோயாளியின் எடை. பாடத்தில் உயரத்துக்கு ஏற்ற எடையைச் சொல்லும் பி.எம்.ஐ. சூத்திரம் இருக்கிறது, கட்டிலில் கிடப்பவரை எந்த எந்திரத்தில் ஏற்றுவது? முழங்கால் உயரத்தை அளந்து உயரத்தைக் கணக்கிடவும், மேற்கைச் சுற்றளவை நாடாவால் எடுக்கவும், சட்டை தொளதொளப்பாகிவிட்டதா என்று வீட்டாரிடம் கேட்கவும், கால் வீக்கமோ வயிற்றில் நீரோ இருந்தால் காட்டும் எடையை அப்படியே நம்பாதிருக்கவும் பழகியிருக்க வேண்டும். இரத்தத்தில் உள்ள அல்புமின் என்ற புரதம் குறைந்தால் ஊட்டக்குறை என்று இன்னும் பல வகுப்புகளில் சொல்லித்தரப்படுகிறது. அல்புமின் அழற்சியிலும் நோய்த்தொற்றிலும் தானாகவே இறங்கும். அதை வைத்து ஊட்டநிலையைச் சொல்லும் பழக்கத்தைத் துறையினர் கைவிட்டுச் சில ஆண்டுகள் ஆகின்றன. பாடக்குறிப்பில் அந்த வரியைத் திருத்துங்கள்.

இரண்டாவது தடுமாற்றம், மூக்கு வழியே குழாயில் (ரைல்ஸ் டியூப்) கொடுக்கும் ஆர்.டி. ஃபீட். 2 மணிக்கு ஒருமுறை 200 மில்லி, நாளுக்கு 8 வேளை என்று எழுதியிருக்கும். 1,600 மில்லி உள்ளே போனதும் வயிறு நிறைந்துவிட்டது என்று வீட்டார் நிம்மதியடைவார்கள். உள்ளே என்ன போனது? குழாய் அடைக்காதபடி கேழ்வரகுக் கஞ்சியைத் தண்ணீராகக் கரைத்தால் 200 மில்லியில் 10 கிராம் மாவுதான் நிற்கும். 100 கிராம் கேழ்வரகுக்கு ஏறத்தாழ 320 கிலோகலோரி; ஆகவே வேளைக்கு 32, நாளுக்கு 256. வேளைக்கு 10 கிராம் சர்க்கரை சேர்த்தாலும் மொத்தம் 576ஐத் தாண்டாது. 55 கிலோ எடையுள்ளவருக்குக் கிலோவுக்கு 25 என்ற கணக்கில் தேவை 1,375. புரதம் இன்னும் மோசம்: தேவை கிலோவுக்கு 1.2 கிராம் வீதம் 66 கிராம், கிடைப்பது 6 கிராம்கூட இல்லை. கட்டிலின் ஓரத்தில் தொங்கும் அட்டையில் எல்லா வேளைக்கும் டிக் போட்டிருக்கும். நோயாளி பட்டினியில் இருப்பார்.

இதற்கு வழி சமையலறையில்தான் இருக்கிறது. கேழ்வரகை முளைகட்டி, நிழலில் உலர்த்தி அரைத்த மாவில் அமைலேஸ் நொதி இருக்கும். மாவுச்சத்தை அது உடைப்பதால் கெட்டிக் கஞ்சி நீர்த்துவிடும். அதே 200 மில்லியில் 25, 30 கிராம் மாவு வரை கரைத்தாலும் குழாயில் இறங்கும். தவறு நடக்கும் இடம் இரண்டு. முளைகட்டிய மாவை மணம் வர வறுத்தாலோ, கொதிக்கும் கஞ்சியில் போட்டாலோ நொதி செத்துப்போகும். அடுப்பை அணைத்து, சூடு 70 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் ஒரு தேக்கரண்டி முளைமாவைக் கலந்து, 10 நிமிடம் விட்டு, கஞ்சி இளகியபின் மறுபடி ஒரு கொதி விட்டு, மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். பிறகு பால், பால்பவுடர், எண்ணெய் என்று நோயாளிக்கேற்பச் சேர்க்கலாம். 5 மில்லி எண்ணெய் 40 கிலோகலோரிக்கு மேல் கூட்டும். நீரிழிவோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவருக்கு இந்தக் கலவையை அப்படியே எழுதக் கூடாது. ஒவ்வொரு வேளைக்கும் முன்னும் பின்னும் 30 மில்லி தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். மதுரை வெயிலில் இந்தக் கரைசல் வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பல நாள் சாப்பிடாமல் வந்த முதியவருக்கு முதல் நாளே முழு அளவைக் கொடுத்தால் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும்; கிலோவுக்கு 10 கிலோகலோரியில் தொடங்கி, இரத்த அளவுகளைப் பார்த்துப் பார்த்து ஏற்ற வேண்டும். இவ்வளவையும் ஒரு செய்முறை வகுப்பில், ஓர் அடுப்பும் 14 எஃப்.ஆர். பருமனுள்ள குழாய் ஒன்றும் வைத்துக்கொண்டு காட்டிவிடலாம். குழாயில் கஞ்சி அடைத்துக்கொள்வதைக் கண்ணால் பார்த்த பிள்ளை மறக்காது.

டயாலிசிஸ் பிரிவு தனி உலகம். டயாலிசிஸ் தொடங்குவதற்கு முன் புரதத்தைக் கிலோவுக்கு 0.6 முதல் 0.8 கிராமுக்குள் அடக்கச் சொல்லியிருப்பார்கள். தொடங்கியபின் ஒவ்வொரு முறையும் அமினோ அமிலங்கள் வெளியேறுவதால் 1.0 முதல் 1.2 கிராம் வேண்டும். பழைய தாளையே மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் பருப்பையும் முட்டையையும் ஒதுக்கி உருகிப்போகும் நோயாளிகள் உண்டு. புதுத் தாள் கொடுப்பதைவிடப் பழைய தாளை வாங்கிக் கிழித்துப் போடுவது முக்கியம். நம் ஊரில் உடம்புச் சூட்டுக்கு இளநீர் என்பது சொல்லாமலே நடக்கும் வைத்தியம். ஓர் இளநீரில் பெரும்பாலும் 500 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கும் என்பதைச் சித்திரை மாதத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். இரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று உறவினர் வாங்கிவரும் அந்தப் பொட்டலம் இந்த நோயாளிக்கு விஷம். காயை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைக்கும் முறையைச் சொன்னால், "அந்தத் தண்ணீரில்தானே சத்து?" என்று எதிர்க்கேள்வி வரும். அதற்கு எரிச்சலின்றி எதைச் சொல்லிப் புரியவைப்பது என்பதும் பாடம்தான்.

கர்ப்பகால நீரிழிவிலும் வேலை இருக்கிறது. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பரிசோதனையை நாட்டில் முதலில் கட்டாயமாக்கிய மாநிலம் நம்முடையது. 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து 2 மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரை 140ஐத் தொட்டால் முதல் இரண்டு வாரம் மருந்து உணவுதான். உணவுக்குப் பின் 2 மணி நேர அளவு 120க்குக் கீழே வராவிட்டால்தான் மருந்துக்குப் போவார்கள். அந்த இரண்டு வாரமும் நம் தொழிலுக்கு உரியது. அரிசியை அடியோடு நிறுத்து என்று சொல்லி அனுப்பினால் கர்ப்பிணி பட்டினி கிடப்பாள். ஆறு வேளையாகப் பிரித்து, வேளைக்கு எத்தனை கரண்டி என்று அவள் வீட்டுக் கரண்டியை வைத்தே காட்டினால் எண் இறங்கும்.

மருத்துவமனைக் கதவைப் பற்றி இன்னும் இரண்டு செய்தி. தேசிய இணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்வல்லுநர் ஆணையச் சட்டம் 2021 இல் வந்தது; உணவியலாளரும் ஊட்டச்சத்து வல்லுநரும் அதன் அட்டவணையில் இருக்கிறார்கள். இணைநிலைப் பணியாளர் என்றால் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு, சுகாதாரத் தொழில்வல்லுநர் என்றால் 3,600 மணி நேரம் என்று சட்டம் வகுக்கிறது. உங்கள் பட்டத்தில் வகுப்பு, செய்முறை, மருத்துவமனைப் பயிற்சி எல்லாம் சேர்த்து எத்தனை மணி என்று மாணவிக்கு எழுதிக் கொடுக்க முடியுமா? நாளை மாநிலப் பதிவுக்குப் போகும்போது கேட்பார்கள். அப்போது பழைய பதிவேட்டைத் தேடி அலையக் கூடாது. அடுத்தது தொலைநிலைக் கல்வி. வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல்வழியில் எம்.எஸ்ஸி. முடித்துக்கொள்ளலாம் என்று இன்னமும் பிள்ளைகளுக்குச் சொல்லப்படுகிறது. இந்த ஆணையச் சட்டத்தின்கீழ் வரும் படிப்புகளைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2025 இல் நிறுத்திவிட்டது. உணவு ஊட்டச்சத்து அறிவியலும் கிளினிக்கல் நியூட்ரிஷனும் அந்தப் பட்டியலில் உண்டு. இந்திய உணவியலாளர் சங்கத்தின் ஆர்.டி. (பதிவுபெற்ற டயட்டீஷியன்) தேர்வை நோக்கிப் போகிறவர் நேரடி முதுநிலைப் படிப்பையும் மருத்துவமனைப் பயிற்சியையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

சம்பளம் பற்றி நாங்கள் எண் எதுவும் எழுதப்போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்லி அனுப்புங்கள்: வேலைக்கு எடுக்கும்போதே மாதத்துக்கு இத்தனை டப்பா புரோட்டீன் பவுடர் விற்க வேண்டும் என்று இலக்கு வைக்கும் இடத்தில் அது விற்பனை வேலை. அதைச் செய்வதில் கேவலமில்லை. அனுபவச் சான்றிதழில் டயட்டீஷியன் என்று எழுதி வாங்கிக்கொண்டு அடுத்த நேர்முகத்தில் வார்டு கேள்விக்கு விழிப்பதுதான் சிக்கல்.

இனி, உங்கள் வேலைவாய்ப்புப் பிரிவு எட்டிப் பார்க்காத பக்கம். மதுரையைச் சுற்றி அப்பளம், முறுக்கு, ஊறுகாய், சத்துமாவு, சிறுதானிய மாவு தயாரிக்கும் சிறு தொழில்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். சுயஉதவிக் குழுக்கள் பல இதில்தான் இருக்கின்றன. பொட்டலத்தில் அடைத்து விற்கும் உணவில் 100 கிராமுக்கு எவ்வளவு ஆற்றல், புரதம், மாவுச்சத்து, சர்க்கரை, சேர்த்த சர்க்கரை, கொழுப்பு, சோடியம் என்ற விவரமும், ஒரு பரிமாறலில் அன்றாடத் தேவையின் எத்தனை சதவீதம் கிடைக்கிறது என்பதும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம்) வகுத்த 2020 ஆம் ஆண்டு லேபிள் விதிகளின்படி வேண்டும். சதவீதத்துக்கு அடிப்படை 2,000 கிலோகலோரி, 67 கிராம் கொழுப்பு, 22 கிராம் நிறைவுற்ற கொழுப்பு, 2 கிராம் டிரான்ஸ் கொழுப்பு, 50 கிராம் சேர்த்த சர்க்கரை, 2,000 மில்லிகிராம் சோடியம். இதை யார் கணக்கிடுகிறார்கள்? பெரும்பாலும் அச்சகக்காரர், வேறொரு பிராண்டுப் பொட்டலத்தைப் பார்த்து. உங்கள் மாணவி இருக்க வேண்டிய நாற்காலி அது.

செய்யும் முறை கடினமல்ல, கவனம் வேண்டும். சத்துமாவை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு தானியத்தையும் பச்சையாக எடை போட்டு, தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017 இல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணையின் மதிப்புகளைப் பெருக்கிக் கூட்ட வேண்டும். 528 உணவுகள் அதில் இருக்கின்றன. 10 கிலோ தானியம் வறுத்ததும் 9.4 கிலோவாகிறது, அரைத்து வந்ததும் 9.1 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தச் சத்தை எதால் வகுப்பது? பத்தால் வகுப்பவர் உண்டு, 9.1ஆல் வகுப்பவரும் உண்டு, இரண்டும் தவறு. வறுக்கையில் போன 600 கிராம் ஈரம். அதோடு சத்து போகவில்லை. மில்லில் ஒட்டிக்கொண்ட 300 கிராம் மாவு. தன் சத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. ஆகவே 9.4ஆல் வகுக்க வேண்டும். வறுத்தபின் ஒருமுறை, அரைத்தபின் ஒருமுறை எடை போடாதவருக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. பொரித்த பண்டம் என்றால் எண்ணெய் எவ்வளவு உறிஞ்சியது என்பதை அட்டவணை சொல்லாது. சட்டியில் ஊற்றியது, நடுவில் சேர்த்தது, கடைசியில் மிஞ்சியது மூன்றையும் எடை போட்டால் ஓரளவு தெரியும். சிந்தியதும் வடிந்ததும் அதில் கலந்திருக்கும் என்பதால் கொழுப்பை மட்டும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பிச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. அப்பளத்தில் உப்பைக் கணக்கிட்டுவிட்டு அப்பளக்காரத்தை விட்டுவிடுவார்கள், அதிலும் சோடியம்தான். கருப்பட்டி போட்ட உருண்டைக்குச் சர்க்கரை சேர்க்காதது என்று அச்சிடுவதும் விதிமீறல். வெல்லமும் கருப்பட்டியும் தேனும் சேர்த்த சர்க்கரைக் கணக்கில்தான் வரும். கோதுமை, நிலக்கடலை, பால், சோயா போன்ற ஒவ்வாமைப் பொருள்கள் இருந்தால் தனியே சொல்லியாக வேண்டும்.

லேபிளோடு சேர்ந்த இன்னொரு வேலை உணவகப் பட்டியல். மத்திய உரிமம் பெற்ற அல்லது 10 இடங்களிலோ அதற்கு மேலோ கிளைகள் உள்ள உணவகங்கள் தங்கள் பட்டியலில் ஒவ்வோர் உணவுக்கும் எத்தனை கிலோகலோரி என்று காட்ட வேண்டும். பரோட்டாவுக்கு என்ன போடுவீர்கள்? 50 கிராம் மைதாவுக்கு 175, கல்லில் விட்ட எண்ணெய் 10 கிராம் என்றால் 90, ஆக 265, சால்னா தனி. மாஸ்டர் கை கொஞ்சம் தாராளமாகி எண்ணெய் 15 கிராம் ஆனால் 310. எண்ணெய்ப் பாத்திரத்தைத் தராசில் வைத்துவிட்டு 20 பரோட்டா போடச் சொல்லி, குறைந்ததை இருபதால் வகுப்பதைத் தவிர இதற்குக் குறுக்குவழி இல்லை.

உணவு உரிமம் பெற்ற நிறுவனங்களில் 25 பணியாளர்களுக்கு ஒருவர் வீதம் ஃபாஸ்டாக் (FoSTaC) என்ற உணவுப் பாதுகாப்புப் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் வேண்டும். குறுகிய பயிற்சிதான், கடைசி ஆண்டிலேயே முடித்துவிட்டால் அந்தச் சான்றிதழ் கோப்பில் முதல் தாளாக இருக்கும். உணவுப் பாதுகாப்பு அலுவலர் பணியை நம்பிப் படிப்பவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: 2011 விதிகளின் தகுதிப் பட்டியலில் உணவுத் தொழில்நுட்பம், பால்வளத் தொழில்நுட்பம், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் முதலியவை இருக்கின்றன, ஊட்டச்சத்து என்ற பெயர் நேராக இல்லை. அறிவிக்கையைப் படித்துவிட்டுப் பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டட்டும்.

அடுத்தது பெருஞ்சமையல். விடுதிகள், நூற்பாலைகள், தொழிற்சாலைக் கேன்டீன்கள். 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கேன்டீன் வேண்டும் என்றது. 2020 ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்புத் தொகுப்பு அந்த வரம்பை 100 பேர் என்று இறக்கியிருக்கிறது. பள்ளி உணவைப் பற்றி மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று நம் சிம்மக்கல் பகுதி ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்தான் தொடங்கியது. மதிய உணவுக்கான தேசிய அளவுகோலில் தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு 100 கிராம் அரிசி, 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய், 5 கிராம் எண்ணெய். கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ 480 கிலோகலோரியும் 13 கிராம் புரதமும் வரும். அளவுகோல் கேட்பது 450 கிலோகலோரியும் 12 கிராம் புரதமும். இழுத்துப் பிடித்த கணக்கு, பெரிதாக மிச்சமில்லை. தமிழ்நாட்டில் வாரம் ஐந்து நாளும் முட்டை சேர்வதால் நமக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் இருக்கிறது.

இந்தக் கணக்கு தாளில் சரியாக இருந்தும் தட்டில் தவறுவது எங்கே என்று பிள்ளைகள் நின்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் கரண்டியில். சாம்பார் அண்டாவில் பருப்பு அடியில் தங்கும். மேலாகக் கோரி ஊற்றினால் முதல் வரிசைக் குழந்தைக்குத் தண்ணீர், கடைசி வரிசைக் குழந்தைக்குப் பருப்பு. இருபது தட்டுக்கு ஒருமுறை அடிவரை கிண்டச் சொன்னால் தீர்ந்தது. திடீரென்று பத்துப் பேர் கூடினால் தண்ணீரைக் கூட்டுவது இன்னொன்று. ஆகவே கரண்டியின் கொள்ளளவை அளந்து, ஒரு கரண்டி சாதம் எத்தனை கிராம் என்று குறித்து வைக்க வேண்டும். 1 கிலோ அரிசி இரண்டரை முதல் மூன்று கிலோ சாதமாகும், அரிசிக்கு அரிசி மாறும். 10 பேருக்கான குறிப்பைப் பத்தால் பெருக்கி 100 பேருக்குச் சமைத்தால் உப்பும் காரமும் பொருந்தாது, தண்ணீர் அதிகமாகிவிடும். அகன்ற அண்டாவில் ஆவியாகும் விகிதம் வேறு. சமைத்தது 60 டிகிரிக்கு மேலே இருக்க வேண்டும், அதற்கு ஒரு குத்து வெப்பமானி போதும். மிச்சம் வைத்ததை எடை போட்டால் எந்தக் காய் வீணாகிறது என்று ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். நூறு பேருக்கான, விலையோடும் எடையோடும் எழுதிய ஐந்து குறிப்புகளை ஒரு மாணவி கொண்டுவந்தால் கேன்டீன் ஒப்பந்தக்காரர் அவள் மதிப்பெண் பட்டியலைக் கேட்கமாட்டார்.

அரசுத் தேர்வுகள்: டி.என்.பி.எஸ்.சி. வழியாக வரும் குழந்தை வளர்ச்சிப் பணிகள் துறைப் பதவிகளுக்கு ஊட்டச்சத்து, மனையியல் பட்டங்கள் கணக்கில் வருகின்றன. கடுமையான ஊட்டக்குறையுள்ள குழந்தைகளுக்கான மறுவாழ்வு மையங்களிலும் ஆலோசகர் இடம் உண்டு. இங்கே உங்களால் ஒரு பெரிய உதவி ஆகும். கவர்ச்சிக்காகப் பட்டத்தின் பெயரை மாற்றும்போது அது அறிவிக்கையில் உள்ள பெயரோடு ஒட்டுமா என்று பாருங்கள். ஒட்டாவிட்டால் இணைத்தகுதி அரசாணையைத் துறையே முன்னின்று வாங்கி வைக்க வேண்டும். தேர்வில் தேறியபின் சான்றிதழ் சரிபார்ப்பில் வெளியேற்றப்படும் பிள்ளைக்கு அந்த நேரத்தில் யாராலும் உதவ முடியாது. கற்பிக்கும் ஆசையுள்ளவருக்கு நெட் தேர்வில் மனையியல் பாடக் குறியீடு 12. வேளாண் பல்கலைக்கழகத்தின் கீழ் மதுரையிலேயே சமுதாய அறிவியல் கல்லூரி இருக்கிறது என்பதைப் பள்ளி மாணவிகளிடம் பேசப்போகும்போதும் சொல்லுங்கள். வெளிநாடு என்றால் நாட்டுக்கு நாடு பதிவு வேறு. அமெரிக்காவில் 2024 ஜனவரி முதல் முதுநிலைப் பட்டம் இல்லாமல் பதிவுத் தேர்வே எழுத முடியாது, பிரிட்டனில் எச்.சி.பி.சி. என்ற சுகாதாரத் தொழில் கவுன்சிலின் பதிவு இல்லாமல் டயட்டீஷியன் என்று சொல்லிக்கொள்ளவே கூடாது.

சொந்தமாக ஆலோசனை மையம் வைப்பவர்களுக்குப் பாடத்திட்டத்தில் இல்லாத இரண்டு பாதுகாப்புகளைக் கற்றுக்கொடுங்கள். கிளிமெபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவரிடம் சோற்றைப் பாதியாகக் குறைக்கச் சொன்னால் சர்க்கரை தடாலென்று இறங்கி மயக்கம் வரும். மருந்தைக் குறைப்பது நம் வேலையல்ல, ஆனால் உணவை மாற்றுவதற்கு முன் அவருடைய மருத்துவருக்கு ஒரு வரி எழுதுவது நம் வேலை. சர்க்கரை நோயைக் குணப்படுத்துகிறோம் என்று பலகையிலோ முகநூலிலோ போடுவது 1954 ஆம் ஆண்டின் மருந்து மற்றும் மாயத் தீர்வு விளம்பரச் சட்டத்தின்படி குற்றம். உடற்பருமனும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. இணையத்தில் இதையெல்லாம் தைரியமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்துப் பிள்ளைகள் மயங்குவது இயல்பு.

உங்களிடம் கேட்பது பெரிய செலவில்லை. நாலு மாணவிக்கு ஒன்று வீதம் ஒரு கிராம் வரை காட்டும் சமையல் தராசு. 5 கிலோ வரை தாங்கினால் போதும். சுற்றளவு நாடா, குத்து வெப்பமானி, அளவுக் குவளைகள். ரெக்கார்டு நோட்டில் படம் வரைவதை நிறுத்திவிட்டு, இரண்டாம் ஆண்டிலிருந்து ஒவ்வொரு மாணவியும் 100 உள்ளூர் உணவுகளைப் பச்சை எடை, சமைத்த எடை, பரிமாறும் எடை என்று எழுதும் எடை நோட்டு ஒன்றைத் தொடங்கலாம். ஒரு டயட்டீஷியனுக்குப் பின்னால் பன்னிரண்டு பேரை ஒரே மாதத்தில் அனுப்பும் பயிற்சி யாருக்கும் பயனில்லை, நோயாளியே மிரளுகிறார். இரண்டு இரண்டு பேராகப் பிரித்து, இரண்டு வாரம் வார்டு, ஒரு வாரம் டயாலிசிஸ், இரண்டு வாரம் கேன்டீன், ஒரு வாரம் சிறுதொழில் கூடம் என்று சுழற்சியாக அனுப்புங்கள். சிறுதொழில்காரருக்கு லேபிள் கணக்கைப் பிள்ளைகள் இலவசமாகச் செய்து தரட்டும். பேராசிரியர் சரிபார்த்துக் கையெழுத்திட்டால் இரு பக்கமும் லாபம்.

சனிக்கிழமை மதியங்களில் வந்து செய்துகாட்ட எங்களில் சிலர் தயாராக இருக்கிறோம். முதல் நாளுக்கு இட்லி, பரோட்டா, கறிதோசை, பருத்திப்பால், ஜிகர்தண்டா ஆகிய ஐந்தும் போதும். ஒவ்வொன்றையும் மூன்று வெவ்வேறு கடைகளில் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். ஜிகர்தண்டாவை மட்டும் பொட்டலமாக வாங்க வேண்டாம். பாதாம் பிசின், நன்னாரி சர்பத், பால், ஐஸ்கிரீம் நான்கையும் கடைக்காரரிடம் சொல்லித் தனித்தனிக் கிண்ணங்களில் வாங்கி வர வேண்டும். கலந்துவிட்டால் அப்புறம் எடை போட ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
மதுரையில் மருத்துவமனை, கேன்டீன், உணவுத் தயாரிப்புத் துறைகளில் பணியாற்றும் உணவியலாளர்கள் சிலர்